சுவரில் உள்ள வெள்ளக் கறையை முதலில் அளந்து வையுங்கள்

கேள்வி: தூத்துக்குடியில் இருக்கிறேன். சிவில் முடித்துவிட்டு நீர்வளத்தில் எம்.இ. முதல் ஆண்டு படிக்கிறேன். 2023 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. நகர வெள்ளம் பற்றி ஆய்வு செய்து பிஎச்.டி. வரை போக ஆசை. எந்த சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள்ள வேண்டும்? சென்னையை எடுத்துக்கொண்டால்தான் மதிப்பா?

பதில்: சாஃப்ட்வேர் அப்புறம். உங்கள் வீட்டுச் சுவரில் அந்தத் தண்ணீர் நின்ற கறை இன்னும் இருக்கிறதா? இருந்தால் அடுத்த முறை வெள்ளையடிப்பதற்குள் டேப்பை வைத்து அளந்து, டேப்போடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். தெருவில் இன்னும் இருபது வீடுகளில் கேளுங்கள். "கேஸ் அடுப்பு மேடை வரை", "மூன்றாவது படி வரை" என்று சொல்வார்கள். அதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நகர வெள்ள ஆய்வில் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது தரை உயரத்தில்தான். விண்கல ரேடாரால் அளந்து, இலவசமாகக் கிடைக்கும் எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவில் ஒரு கட்டம் 30 மீட்டர். உயரத்தில் சில மீட்டர் பிழை இருப்பது சாதாரணம். கூரையையும் மரத்தையும் தரையோடு சேர்த்துக் குழப்பிவிடும். உங்கள் ஊரோ கடலோரத் தட்டை நிலம். வீட்டுக்குள் தண்ணீர் ஏறுமா, வாசலோடு நிற்குமா என்பதை ஒரு படிக்கட்டு உயரம்தான் அங்கே தீர்மானிக்கிறது. அந்தத் தரவை வைத்து எவ்வளவு அழகான கணினி மாடல் செய்தாலும் உங்கள் தெருவுக்குப் பொருந்தாது. சர்வே வகுப்பில் பிடித்த ஆட்டோ லெவலை (மட்டம் பார்க்கும் கருவி) கல்லூரியில் கேட்டு வாங்கி, பக்கத்து பெஞ்ச் மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த அடையாளப் புள்ளி) ஆர்.எல். எனும் மட்ட உயரத்தைக் கொண்டுவந்து, அந்த இருபது கறைகளின் உயரத்தையும் ஒரே அடிமட்டத்திலிருந்து கணக்கிட்டுவிடுங்கள். இரண்டு வார வேலை. பிறகு எந்த மாடல் ஓட்டினாலும் அது சரியா தவறா என்று சொல்லும் சாட்சி உங்கள் கையில் இருக்கும்.

செயற்கைக்கோள் படம் போதாதா என்று கேட்பீர்கள். சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். வயலில் நிற்கும் தண்ணீரை நன்றாகவே காட்டும். கட்டடங்கள் நெருங்கிய தெருவில் ரேடார் அலை சுவரில் பட்டுத் திரும்புவதால், தண்ணீர் நிற்பதைப் பிரித்தறிவது கடினம். அதோடு 2023-ல் ஒரே ஒரு சென்டினல்-1தான் இயங்கியது. ஒரே பாதைக்கு 12 நாளுக்கு ஒருமுறைதான் திரும்பி வரும்.

சென்னை பற்றிய கேள்விக்கு வருகிறேன். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது, அதற்குப் பிறகு அடையாறு பற்றி ஏராளமான ஆய்வுகள் வந்துவிட்டன. 2023-ல் உங்கள் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. பெய்தது. அந்த அளவு மழையில் தென்கடலோர ஊர்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்க ஆட்கள் மிகக் குறைவு. உங்கள் ஊரையே எடுங்கள்.

ஆனால் "தூத்துக்குடியின் வெள்ள அபாயம்" என்பது வெறும் தலைப்பு, ஆய்வுக் கேள்வி ஆகாது. கோரம்பள்ளம் குளம் உடைந்து வந்த தண்ணீரும் ஊருக்குள் பெய்த மழையும், எந்த வார்டில் எது முதலில் வந்தது? கடல் மட்டம் ஏறியிருக்கும் வேளையில், ஊர்த் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் பக்கிள் ஓடை எவ்வளவு நேரம் தண்ணீரை வாங்காமல் நிற்கிறது? இவைதான் கேள்விகள். ஒன்று போதும்.

இப்போது சாஃப்ட்வேர். வரைபடத்துக்கு க்யூ.ஜி.ஐ.எஸ்., வடிகாலுக்கு எஸ்.டபிள்யூ.எம்.எம்., ஓடையும் தெருவில் பரவும் நீரும் என்றால் ஹெக்-ராஸ். மூன்றும் இலவசம். பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தால் நல்லது.

தண்ணீரோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே தெருவில் ஒரே உயரத் தண்ணீர் நின்றாலும், மாதச் சம்பளக்காரர் சீக்கிரம் எழுந்துவிடுவார். மாவு அரைத்து விற்கும் அக்காவுக்குக் கிரைண்டர் போனால் தொழிலே போச்சு. மீளும் திறன் என்று நாம் பேசுவது இந்த வித்தியாசத்தைத்தான். கறையை அளக்கப் போகும்போதே, என்ன போனது, திரும்ப வாங்க எத்தனை மாதம் ஆனது என்று உட்கார்ந்து கேளுங்கள்.

பிஎச்.டி.க்கு கேட் (GATE) தேர்வு மதிப்பெண் கையில் இருப்பது நல்லது. ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம், சென்னை ஐஐடி, ரூர்க்கி ஐஐடியின் நீரியல் துறை ஆகியவற்றைப் பாருங்கள். பேராசிரியருக்கு மெயில் எழுதும்போது "ஆர்வம் உண்டு" என்று பத்தி பத்தியாக வேண்டாம். உங்கள் கேள்வி ஒரு வரி, இருபது கறைகளின் வரைபடம் ஒன்று, அதில் நீங்கள் கண்டது இரண்டு வரி. பிறகு அவர் ஏன் திறந்து படிக்காமல் போகப்போகிறார்?

கடைசியாக ஒன்று, இதற்கு அவசரம் உண்டு. அன்று பக்கத்து வீட்டார் எடுத்த படங்களில் தண்ணீர் எத்தனை மணிக்கு எங்கே நின்றது என்ற விவரம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த நேரம் அழிந்துவிடும். அவர்கள் போனை மாற்றுவதற்குள் அசல் ஃபைலையே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.