மாயப்பள்ளி ரசிகர் புனைவுகளில் வரும் பிரிட்டிஷ் விவரங்களை எப்படிப் புரிந்துகொள்வது?

'ஹாஃப் டெர்ம்', 'ப்ரீஃபெக்ட்', 'புட்டிங்' என்று ரசிகர்கள் எழுதும் மாயப்பள்ளிக் கதைகள் முழுக்க வருகிறதே, பின்னணி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பள்ளியாண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இங்கிலாந்தில் வகுப்புகள் செப்டம்பரில் தொடங்கும். ஆகஸ்ட் 31க்குள் 11 வயது நிறைந்த பிள்ளை அந்தச் செப்டம்பரிலேயே உயர்பள்ளியில் சேரும். செப்டம்பர் 1 அன்று 11 ஆகும் பிள்ளை இன்னும் ஓராண்டு காத்திருந்து, தன் வகுப்பிலேயே மூத்ததாக இருக்கும். ரசிகர்கள் பாத்திரங்களின் பிறந்தநாளை வைத்து அவ்வளவு கணக்குப் போடுவது இதனால்தான். ஆண்டுக்கு மூன்று பருவம். ஒவ்வொன்றின் நடுவிலும் பெரும்பாலும் ஒரு வாரம் விடுமுறை, அதுவே ஹாஃப் டெர்ம்.

16 வயதில் பொதுத்தேர்வு: முன்பு ஓ லெவல், 1988 முதல் ஜிசிஎஸ்இ. 18இல் ஏ லெவல், பெரும்பாலும் மூன்றே பாடம். அதனால் கடைசி இரண்டாண்டில் நாயகி பாடங்களைக் கைவிடுவது சோம்பல் அல்ல. இலங்கை வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அவர்களுடைய சாதாரண தர, உயர்தரத் தேர்வுகள் இங்கிலாந்திலிருந்து வந்தவைதாம்.

ப்ரீஃபெக்ட், ஒழுங்கைக் கவனிக்கப் பள்ளி நியமிக்கும் மூத்த மாணவர். 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் ஈட்டன் போன்ற அதிகக் கட்டணத் தனியார் பள்ளி. அரசுப் பள்ளி என்று எடுத்துக்கொண்டால் பாத்திரத்தின் குடும்ப வசதியே தலைகீழாகிவிடும்.

சாப்பாட்டுக்குப் பின் வரும் எந்த இனிப்பும் புட்டிங்தான். ஆனால் யார்க்‌ஷயர் புட்டிங் இனிக்காது: மாவு, முட்டை, பால் கரைசலைக் கொதிக்கும் கொழுப்பில் ஊற்றி ஓவனில் சுட்டு, மாட்டிறைச்சி ரோஸ்டுடன் பரிமாறுவார்கள். பிளாக் புட்டிங்கோ ரத்தம் சேர்த்த சாசேஜ். வட இங்கிலாந்து வீட்டில் 'டீ'க்குக் கூப்பிட்டால், அது மாலையில் வயிறாரச் சாப்பிடும் முழுச் சாப்பாடு.