சிறு நகராட்சியில் குற்றப்போக்கும் மக்களோடு சேர்ந்த காவலும்: கேள்வி பதில்

குற்றப் புள்ளிவிவர ஆய்விலும் ரோந்துத் திட்டமிடலிலும் அனுபவம் உள்ள ஒருவர், மற்றவர்களின் கேள்விகளுக்குத் தந்த பதில்கள்.

நகர்மன்ற உறுப்பினர்: எங்கள் மக்கள்தொகை 20,000. வீடு புகுந்து திருடிய வழக்குகள் போன ஆண்டு 9, இந்த ஆண்டு 14. “55 சதவீதம் உயர்வு” என்று பேச்சு அடிபடுகிறது. நிலைமை அவ்வளவு மோசமா?

பதில்: களவு கொடுத்த 14 குடும்பங்களுக்கும் அது பெரிய அடி, அதைக் குறைத்துப் பேசவே கூடாது. ஆனால் போக்கு உயர்கிறது என்று சொல்ல இந்த இரண்டு எண்கள் போதாது. தோராயமாகச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு எண்களின் வர்க்கமூலங்களைக் கழியுங்கள். 9-க்கு 3, 14-க்கு 3.74, வித்தியாசம் 0.74. இது 1.4-ஐத் தாண்டினால்தான் தற்செயலான ஏற்ற இறக்கம் அல்ல என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். 9 என்பது 20 ஆகியிருந்தால் தாண்டியிருக்கும். எண்கள் ஐந்துக்கும் கீழே போனால் இந்தக் கணக்கும் நிற்காது.

‘லட்சம் பேருக்கு இத்தனை’ என்ற விகிதத்தையும் சிறிய ஊரில் நம்பிவிடாதீர்கள். 20,000 பேரில் ஒரு கொலை நடந்தால் விகிதம் 5, இன்னொன்று நடந்தால் 10. ஒரே ஒரு சம்பவம் ஊரின் பெயரையே மாற்றிக் காட்டிவிடும். அதனால் ஐந்து ஆண்டுக் கணக்கை மாதவாரியாக எடுத்து, ஒவ்வொரு மாத முடிவிலும் கடைசி 12 மாதங்களின் கூட்டுத்தொகையைக் கோடாக வரையுங்கள். இடையில் பதிவுமுறை மாறியதா என்றும் கேளுங்கள். முயற்சியோடு நின்ற திருட்டுகளையும் சேர்க்கத் தொடங்கியிருந்தால், குற்றம் கூடாமலே எண் கூடும்.

அதைவிட முக்கியமான கேள்வி வேறு. அந்த 14-இல் 6 ஒரே தெருவில், மூன்று வாரத்துக்குள் நடந்தவையா? அப்படியென்றால் ஆண்டுக் கணக்கு என்ன சொன்னாலும் அங்கே ஒரு பிரச்சினை இருக்கிறது. சிறிய ஊரில் சதவீதத்தைவிட இடமும் நேரமும் அதிகம் சொல்லும்.

புகார்ப் பதிவேடு பராமரிப்பவர்: அப்படியானால் ஒவ்வொரு புகாரிலும் எதையெல்லாம் தவறாமல் குறிக்க வேண்டும்?

பதில்: பெரும்பாலும் பிழையாவது நேரம்தான். வெள்ளி மாலை 6 மணிக்குப் பூட்டிய வீட்டைத் திங்கள் காலை 8 மணிக்குத் திறந்து பார்க்கிறார்கள். பதிவேட்டில் ‘திங்கள் காலை 8’ என்று ஏறிவிடுகிறது. இப்படிப் பத்துப் பதிவுகள் சேர்ந்தால் திருட்டெல்லாம் திங்கள் காலையில் நடப்பது போலத் தெரியும், ரோந்தும் அந்த நேரத்துக்குப் போகும். எனவே ‘கடைசியாகச் சரியாக இருந்த நேரம்’, ‘கண்டறிந்த நேரம்’ என இரண்டு கட்டங்கள் வையுங்கள். இந்த உதாரணத்தில் இடைவெளி 62 மணி. ஒவ்வொரு மணிக்கும் 1/62 பங்கு கொடுத்து, எல்லா வழக்குகளின் பங்குகளையும் மணிவாரியாகக் கூட்டினால் ஆபத்தான நேரம் மேலே வந்துவிடும்.

அடுத்தது முகவரி. ஒரே தெருவை நான்கு விதமாக எழுதினால் கணினி அதை நான்கு தெருவாக எண்ணும். தெருப்பட்டியலைத் தயாராக வைத்து அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். பிறகு நுழைந்த வழி, பூட்டை உடைத்தார்களா அல்லது திறந்தே கிடந்ததா, போன பொருள், அதே வீட்டில் முன்பு நடந்ததா. நகராட்சியோடு பகிரும்போது பெயரையும் கதவு எண்ணையும் நீக்கி, தெரு அளவில் மட்டும் கொடுங்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர்: ரோந்து வாகனத்தைக் கூட்டச் சொல்லி மனு கொடுக்கப்போகிறோம். பலன் இருக்குமா?

பதில்: ஊர் முழுக்கச் சும்மா சுற்றிவருவதால் பெரிய பலன் இல்லை. 1972-73-இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவில் வழக்கமான ரோந்தை நிறுத்தினார்கள், ஒன்றில் இரண்டு மூன்று மடங்கு கூட்டினார்கள், ஒன்றை அப்படியே விட்டார்கள். குற்றத்திலும் மக்களின் அச்சத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

பலன் தருவது, குற்றம் குவியும் சில இடங்களுக்கு மட்டும் போவது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஆராய்ந்தபோது, காவல்துறைக்கு வந்த அழைப்புகளில் பாதி சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்தே வந்தது தெரிந்தது. அத்தகைய இடத்தில் ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம் நின்றால் காவலர் போன பிறகும் சிறிது நேரம் அமைதி நீடிக்கும். அதற்கு மேல் நிற்பதால் கூடுதல் பலன் குறைவு. வரும் நேரம் நாளுக்கு நாள் மாற வேண்டும், வண்டியை விட்டு இறங்கிப் பேச வேண்டும். உங்கள் மனுவில் “ரோந்தைக் கூட்டுங்கள்” என்று எழுதாமல், இடங்கள் மூன்று, கிழமை, மணி என்று எழுதுங்கள். அதை மறுப்பது கடினம்.

நடை ரோந்து பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நியூவார்க் நகரில் 1970-களின் இறுதியில் சோதித்தபோது குற்ற எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, ஆனால் மக்களின் பயம் குறைந்தது. பயம் குறைவதும் ஒரு பலன்தான் என்பது என் கருத்து.

அதே செயலாளர்: இங்கே காவலர் நின்றால் திருடன் அடுத்த தெருவுக்குப் போய்விட மாட்டானா?

பதில்: சில சமயம் போவான். ஆனால் பயப்படுகிற அளவுக்கு நடப்பதில்லை. பக்கத்துத் தெருக்களிலும் சேர்ந்தே குற்றம் குறைந்ததை ஆய்வுகள் பல காட்டுகின்றன. சுற்றியுள்ள தெருக்களின் கணக்கையும் முதல் நாளிலிருந்தே எடுங்கள், தெரிந்துவிடும்.

களவு கொடுத்த வீட்டுக்காரர்: போன வாரம்தான் போனது. இனி வரமாட்டார்கள் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். முதல் சில வாரங்களில்தான் மறுபடி நடக்கும் வாய்ப்பு அதிகம், பக்கத்து வீடுகளுக்கும் அப்படியே. வழி, பூட்டு, வீட்டார் வெளியே போகும் நேரம் எல்லாம் வந்தவனுக்குத் தெரிந்துவிட்டன. புதிதாக வாங்கி வைக்கும் பொருளுக்காகவும் திரும்பி வருவான். உடைந்த கதவை அன்றே சரிசெய்யுங்கள். பழைய பலகையிலேயே புதுப்பூட்டை மாட்டினால் அடுத்த நெம்பலில் பெயர்ந்துவிடும். நிலைச்சட்டத்துக்குள் ஆழமாகப் போகும் நீளத் திருகாணி போடுங்கள். சாவி தொலைந்திருந்தால் பூட்டின் உள்பாகத்தையே மாற்றுங்கள்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980-களில் இதையே திட்டமாகச் செய்தார்கள். திருட்டு நடந்த வீட்டையும் அதை ஒட்டிய ஐந்தாறு வீடுகளையும் சிறு வளையமாக்கி ஒருவரையொருவர் கவனிக்கச் செய்தார்கள். காசு போட்டால் மின்சாரமோ எரிவாயுவோ தரும், வீட்டுக்குள் காசு சேர்ந்துகிடந்த நாணய மீட்டர்களை அகற்றினார்கள். அங்கே திருட்டுகள் பாதிக்கும் மேல் குறைந்தன. ஊருக்கே கண்காணிப்புக் குழு அமைப்பதைவிட இந்தச் சிறு வளையம் நிலைக்கும்.

வணிகர் சங்கப் பொருளாளர்: நான்கு கேமரா போடுகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முன்பின் தெரியாதவரின் முகத்தை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும். படத்தின் அகலம் 1920 பிக்சல் உள்ள கேமரா என்றால் ஏழரை மீட்டர் அகலம்தான் அதன் எல்லை. முழுத் தெருவையும் ஒரே காட்சியில் பிடித்தால் ‘யாரோ நடந்தார்’ என்பது மட்டும் தெரியும். உயரக் கம்பத்தில் மாட்டினால் தொப்பியும் தலையும்தான் கிடைக்கும். நுழைவழிகளில் இரண்டரை, மூன்று மீட்டர் உயரம் போதும்.

சேமிப்பைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். நொடிக்கு 4 மெகாபிட் ஓடினால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு 1 டெராபைட் வட்டு வைத்தால் ஆறாம் நாளே பழைய பதிவு அழியத் தொடங்கும். ஒரு வாரம் ஊருக்குப் போனவர் வீட்டில் முதல் நாளே திருட்டு நடந்திருந்தால், அவர் திரும்பும்போது அதன் பதிவு மிஞ்சாது. 30 நாள் வேண்டுமென்றால் 5.2 டெராபைட். மாதம் ஒருமுறை கடிகாரத்தைச் சரிபாருங்கள், லென்ஸில் உள்ள சிலந்தி வலையைத் துடையுங்கள். இரவில் அகச்சிவப்பு ஒளியில் ஒரு வலை படத்தையே வெள்ளையாக்கிவிடும்.

தெருக் குழு நிர்வாகி: வாட்ஸ்அப் குழுவில் ‘சந்தேக ஆள்’ என்று தினமும் படம் போடுகிறார்கள்.

பதில்: உடனே நிறுத்துங்கள். அப்பாவி ஒருவர் அடிபட்டுச் சாகும் அளவுக்கு இது போகக்கூடும். அவசரமென்றால் முதலில் காவல்துறையை அழைக்க வேண்டும், பிறகுதான் குழு. ஆளின் தோற்றத்தை எழுதக் கூடாது, செயலை எழுத வேண்டும்: “இரவு 11.20, மூன்று காரின் கதவை இழுத்துப் பார்த்தார்.” படமும் காணொளியும் காவலருக்கு மட்டும்.

சமூகப் பணியாளர்: மகளிர் உதவி மேசை திறந்ததும் குடும்ப வன்முறைப் புகார்கள் இரட்டிப்பாயின. குற்றம் கூடிவிட்டது என்று மேசையையே குறை சொல்கிறார்கள்.

பதில்: இந்த வகைக் குற்றத்தில் பெரும்பகுதி புகாராகவே வருவதில்லை. இதுவரை வாய்திறக்காதவர்கள் இப்போது வருகிறார்கள் என்பதே முதலில் பார்க்க வேண்டிய விளக்கம். புகார் எண்ணிக்கையோடு மருத்துவமனையில் காயத்துக்குச் சிகிச்சை பெற்றோர் எண்ணிக்கையையும் வைத்துப் பாருங்கள். அது கூடாமல் புகார் மட்டும் கூடியிருந்தால் மேசை தன் வேலையைச் செய்கிறது.

பகுதிக் காவலர்: மாதக் கூட்டத்துக்கு அதே எட்டுப் பேர்தான் வருகிறார்கள். குறை சொல்லிவிட்டுக் கலைகிறார்கள்.

பதில்: போன மாதம் சொன்னது என்ன ஆனது என்று தெரியாததால்தான் மற்றவர்கள் வருவதில்லை. ஒரு கூட்டத்தில் ஒரே பிரச்சினையை எடுங்கள், அதுவும் கூர்மையாக. ‘திருட்டு’ என்பது பெரிது. ‘பேருந்து நிலைய வண்டி நிறுத்தத்தில் மாலை 5 முதல் 8 வரை களவு போகும் இருசக்கர வண்டிகள்’ என்பது கைக்கு அடங்கும். ஏன் அங்கே, ஏன் அந்நேரம் என்று பாருங்கள். விளக்கு எரியாதது நகராட்சியின் வேலை, காவலாளி 5 மணிக்கே போவது குத்தகைதாரரின் வேலை, கைப்பூட்டு போடாதது உரிமையாளரின் வேலை. பலகையில் மூன்று பத்தி: என்ன, யார், எந்தத் தேதிக்குள். அடுத்த கூட்டம் அந்தப் பலகையில் தொடங்கட்டும். செய்யாதது செய்யாததாகவே இருக்கட்டும், காவல் நிலையத்தின் பெயருக்கு எதிரே என்றாலும் அழிக்காதீர்கள். கூட்டத்தையும் ஒரே மண்டபத்தில் வைக்காமல், ஒருமுறை வாடகைக் குடியிருப்பில், ஒருமுறை வேலைவிடும் நேரத்தில் தொழிற்கூட வாசலில் வையுங்கள். அங்கே இருப்பவர்கள்தான் அதிகம் களவு கொடுத்தும் குறைவாகப் புகார் செய்கிறவர்கள்.