மகள் கப்பல் ஏற வேண்டியதில்லை, ஐயா

அன்புள்ள ஐயா,

கடல்வழிப் போக்குவரத்தில் நீடித்த விநியோகச் சங்கிலி மேலாண்மை, அதாவது சுற்றுச்சூழலுக்குக் கேட்டைக் குறைத்துச் சரக்கை அனுப்பிவைக்கும் நிர்வாகம், படிக்கப் போகிறேன் என்று மகள் சொன்ன நாளிலிருந்து தூக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெண் பிள்ளை மாதக்கணக்கில் கடலில் இருக்க வேண்டுமா, வணிகவியல் படித்தவளுக்குக் கப்பலோடு என்ன வேலை, இது நாலு வருடத்தில் அடங்கிவிடும் மோகமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கவலையை இப்போதே விட்டுவிடுங்கள். இந்தப் படிப்பு மாலுமிகளை உருவாக்குவதில்லை. அதற்கான பயிற்சியும் சான்றிதழும் வேறு. இங்கே வேலை கரையில்தான்: கப்பல் நிறுவன அலுவலகம், துறைமுகம், சரக்கு முகவர் நிறுவனம், ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை, காப்பீடு, வங்கி.

இரண்டாவது கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஒரு கப்பல் வேகத்தை 10 சதவீதம் குறைத்தால், ஒரு மணி நேரத்தில் அது எரிக்கும் எரிபொருள் ஏறக்குறைய 27 சதவீதம் குறையும். பயணம் நீளுவதைச் சேர்த்துப் பார்த்தாலும் மொத்தத்தில் 19 சதவீதம் அளவுக்கு மிச்சம். கப்பல்களின் கனரக எண்ணெயில் ஒரு டன் எரிந்தால் 3.114 டன் கரியமில வாயு என்பது இத்துறையின் கணக்கு. ஒரே பயணத்தில் எவ்வளவு தவிர்க்கலாம் என்று பாருங்கள்.

அப்படியிருந்தும் எத்தனையோ கப்பல்கள் விரைந்து ஓடிவந்து, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நாள்கணக்கில் காத்துக் கிடக்கின்றன. கேப்டனுக்கு இது தெரியாமல் இல்லை. பல துறைமுகங்களில் முதலில் வந்த கப்பலுக்கே முதலில் இடம். கப்பலை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தமும் தாமதமின்றிப் போய்ச் சேரச் சொல்கிறது. கப்பல் தயார் என்று அறிவித்த பிறகுதான் சரக்கு இறக்குவதற்கான காலக்கெடு ஓடத் தொடங்கும். கெடு தாண்டினால் வாடகைக்கு எடுத்தவர் தாமதக் கட்டணம் தர வேண்டும். எரிபொருள் செலவு யார் தலையில் என்பதும் ஒப்பந்தத்தின் வகையைப் பொறுத்தது. ஒரு பயணத்துக்கு என்றால் பொதுவாக உரிமையாளர். குறிப்பிட்ட காலத்துக்கு என்றால் வாடகைக்கு எடுத்தவர். ஆக, புகையைக் கூட்டுகிற முடிச்சு இன்ஜின் அறையில் விழவில்லை, ஒப்பந்தத் தாளில் விழுந்திருக்கிறது. அதை அவிழ்க்க ஒப்பந்தமும் செலவுக் கணக்கும் தெரிந்தவர்கள் வேண்டும். உங்கள் மகள் படித்த படிப்பு அதற்கு நல்ல அடித்தளம்.

மெதுவாகப் போவதற்கும் விலை உண்டு. சரக்கில் முடங்கிய பணம் இன்னும் சில நாள் முடங்கும். பழமும் மீனும் பொறுத்திருக்காது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது பல நிறுவனங்கள் சூயஸ் கால்வாயைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. தூரமும் கூடியது, இழந்த நாளை மீட்க வேகமும் கூடியது, உமிழ்வும் கூடவே ஏறியது. இந்த இழுபறியில் நியாயமான முடிவைக் கண்டுபிடித்துத் தருவதுதான் மகள் விரும்பும் வேலை.

இது மோகம் என்று நான் நினைக்கவில்லை. உலக வணிகச் சரக்கில் அளவுக் கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் கடல்வழியே செல்கிறது. 2020 ஜனவரியில் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைந்தது. 2023 முதல் பெரிய கப்பல்களுக்குக் கார்பன் செறிவை (சுமக்கும் திறனுக்கும் ஓடும் தூரத்துக்கும் எவ்வளவு கரியமில வாயு என்பதை) வைத்து 'ஏ' முதல் 'இ' வரை தரம் இடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத் துறைமுகங்களைத் தொடும் பெரிய கப்பல்கள் 2024 முதல், கணக்கில் சேரும் உமிழ்வுக்குப் பணம் கட்டுகின்றன: அவ்வாண்டுக் கணக்கில் 40 சதவீதத்துக்கு, 2025-க்கு 70, 2026 முதல் முழுவதற்கும். ஆனால் உமிழ்வுக்கான உலகளாவிய விதி இன்னும் உறுதியாகவில்லை. ஐ.நா.வின் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2025 அக்டோபரில் அதை ஏற்கவிருந்தது. வாக்கெடுப்பை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டார்கள். விதிகளை மட்டும் மனப்பாடம் செய்தவர் இப்படிப்பட்ட நாளில் தடுமாறுவார். சரக்குத் தொழிலின் அடிப்படை தெரிந்தவர் தடுமாற மாட்டார்.

எனவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது 'நீடித்த', 'பசுமை' என்ற சொற்களைப் பார்த்து மயங்காதீர்கள். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் தரப்பு தரும் ஆவணம்), வாடகை ஒப்பந்தம், கடல் காப்பீடு, சரக்குக் கட்டணக் கணக்கு, சுங்க நடைமுறை ஆகியவை இருக்கின்றனவா? உமிழ்வைக் கணக்கிட மாணவர்களையே பயிற்றுவிக்கிறார்களா? நிறுவனத்தில் சில மாதமாவது வேலை பழக அனுப்புகிறார்களா? இவை இல்லாமல் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு மட்டும் நிரம்பிய படிப்பு என்றால், தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதல் வேலையும் பளபளப்பாக இருக்காது. ஆவணம் சரிபார்ப்பது, காணாமல் போன கன்டெய்னரைத் தேடுவது, நள்ளிரவில் வேறொரு நேர மண்டலத்துக்குத் தொலைபேசியில் பேசுவது என்று இரண்டு மூன்று ஆண்டுகள் போகும். அதைக் கண்டு மகள் தவறான துறைக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். சரக்கு எங்கே தங்குகிறது, ஏன் தங்குகிறது என்பது அந்த மேசையில்தான் புரியும்.

சேர்க்கைக்கு முன் அவளிடம் ஒரு கணக்குக் கொடுங்கள். ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, தொழிற்சாலை வாசலிலிருந்து வேறொரு நாட்டில் வாங்குபவர் கைக்குப் போகும் வழியை எழுதட்டும். கப்பலில் அனுப்பினால் எத்தனை நாள், எவ்வளவு செலவு, எவ்வளவு கரியமில வாயு, விமானத்தில் அனுப்பினால் எவ்வளவு என்று போடட்டும். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். எந்த இடத்தில் அவள் சலித்தாள், எந்த இடத்தில் நேரம் போனது தெரியாமல் மூழ்கினாள் என்று குறித்து, அந்தத் தாளுடன் எனக்கு எழுதுங்கள். எந்தப் படிப்பு என்பதை அதன் பிறகு மூவரும் சேர்ந்து பேசுவோம்.