மரம் எண்ண வந்தவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் சிங்கப்பூருக்கு வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். கட்டுமானத் தளத்தில் பொறியாளராக வேலை பார்க்கிறேன், குடும்பத்தோடு பொங்கோலில் இருக்கிறேன். போன மாதம் நண்பர் வீட்டு விருந்தில் ஒரு வாக்குவாதம் வந்துவிட்டது. சொத்து முகவராக இருக்கும் நண்பர் ஒருவர், “அரசியல்வாதி நாடா வெட்டுவதோடு சரி. பணத்தைப் போட்டு, நஷ்டத்துக்கும் துணிந்து கட்டடத்தை எழுப்பியவன் தனியார்தான். ஆர்ச்சர்ட் ரோட்டைப் பாருங்கள், மரினா பேயைப் பாருங்கள்” என்றார். இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. “எல்லாம் லீ குவான் இயூ போட்ட சோறு” என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார்.

எங்கள் ஊரில் பேருந்து நிழற்குடை கட்டினால்கூட எந்த எம்.எல்.ஏ. நிதியில் கட்டியது என்று பெரிய எழுத்தில் எழுதிவைப்பார்கள். இங்கே அப்படிப் பெயர்கள் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. தினமும் தளத்தில் நிற்கிற எனக்கு, அந்த இரண்டு பேர் சொன்னதிலும் ஏதோ ஒன்று விட்டுப்போன மாதிரி இருக்கிறது. இந்த ஊரின் வளர்ச்சிக்கு யாருக்கு நன்றி சொல்வது? நீங்கள் கம்பம் என்னும் அந்தக் காலத்துக் கிராமக் குடியிருப்பையும் பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
பொங்கோல் வாசகர்

•

அன்புள்ள நண்பருக்கு,

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பங்கு அரசியல்வாதிகளுக்குத்தான். ஆனால் நான் அதைக் கட்டடங்களுக்காகச் சொல்லவில்லை, நிலத்துக்காகச் சொல்கிறேன். ஊர் வளர்ந்த கதையைப் பேசும்போதெல்லாம் நாம் அண்ணாந்து மாடிகளையே பார்க்கிறோம். அந்த மாடி நிற்கிற மண் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, என்ன விலைக்குப் போனது என்று கேட்பவர்கள் குறைவு. உங்களுக்கு விட்டுப்போன மாதிரி தோன்றியது அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் பிறந்தது சோங் பாங் கம்பத்தில். அப்பாவுக்குச் செம்பவாங்கில் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. வீடு எங்களுடையது, அடிமனை ஒரு சீன முதலாளியுடையது. மாதாமாதம் மனை வாடகை கொடுக்க வேண்டும். வீட்டைச் சுற்றி நான்கு ரம்புத்தான், ஒரு பலா, இரண்டு முருங்கை, கொல்லைப்புறம் முழுக்க வாழை. 80களின் தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் ஓர் அதிகாரி கணக்கெடுக்க வந்தார். கதவுக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்டால் ஓர் எண்ணை எழுதிவிட்டு, கையிலிருந்த தாளில் வீட்டின் நீள அகலத்தைக் குறித்தார். அப்புறம் மரங்களை எண்ண ஆரம்பித்தார். காய்க்கிற மரத்துக்கு ஒரு தொகை, கன்றுக்கு ஒரு தொகை. அம்மா அவர் பின்னாலேயே நடந்தார். முருங்கையைத் தாண்டி அவர் போனதும் அம்மா ஒரு காயை எட்டிப் பறித்து அவர் முன்னால் நீட்டி, “இதுவும் காய்க்கிற மரம்தான், துவான்” என்று மலாயில் சொன்னார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாளில் வாழை என்று எழுதியிருந்ததற்குக் கீழே ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

ஈசூனில் எங்களுக்கு மூவறை வீடு கிடைத்தது. அப்பா பத்து நாளைக்குச் சரியாகத் தூங்கவில்லை. அக்காவுக்கோ அது பெரிய விடுதலை. அதுவரை ராத்திரியில் வெளிக் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் டார்ச் விளக்கோடு நான் துணைக்குப் போக வேண்டும். புது வீட்டில் அந்த வேலை எனக்கு இல்லாமல் போயிற்று. இழந்ததையும் பெற்றதையும் ஒரே வீட்டுக்குள் பார்த்தவன் நான். அதனால்தான் உங்கள் முகவர் நண்பர், பெரியவர் இருவர் பேச்சும் எனக்குப் போதவில்லை.

சரி, வரலாற்றுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த ஊரில் தனியாரிடம் பணமும் இருந்தது, நிலமும் இருந்தது. அவர்கள் ஏழைக்கு வீடு கட்டவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏழையால் கொடுக்க முடிந்த வாடகையில் போட்ட முதல் திரும்பி வராது. சைனாடவுன் கடைவீடுகளின் மாடிகளைப் பலகை அடித்துத் தடுத்து, சன்னல் இல்லாத அறைக்குள் ஒரு குடும்பத்தை வைத்தார்கள். அரசாங்கமே செய்தாலும் போதவில்லை என்பதற்கும் உதாரணம் உண்டு. பிரிட்டிஷார் 1927-ல் அமைத்த சிங்கப்பூர் மேம்பாட்டு அமைப்பு 32 ஆண்டுகளில் கட்டியது ஏறக்குறைய 23,000 வீடுகள்தான். அதற்குப் பிறகு 1960-ல் வந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதல் ஐந்தாண்டில் மட்டும் 50,000-க்கு மேல் கட்டியது.

அரசாங்கம் என்பது இரண்டு காலத்திலும் இருந்தது. 1959-ல் தன்னாட்சி கிடைத்து, தேர்தலில் வென்று வந்தவர்களுக்கு மட்டும் ஓட்டுப் பயம் இருந்தது. 1961-ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் ஹோங் லிம் இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது. மே 25-ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ கம்பம் தீப்பிடித்து, ஏறத்தாழ 16,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். ஜூலையில் ஆன்சன் இடைத்தேர்தலிலும் தோல்வி. அடுத்த பொதுத்தேர்தலில் பிழைக்க வேண்டுமானால் அந்த மக்களுக்கு வீடு கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி. தீயில் வீடிழந்தவர்களுக்கு ஓராண்டுக்குள் மாற்று வீடு கொடுத்தார்கள். இதை அரசியல் பிழைப்பு என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். ஓட்டுக்காகச் செய்தாலும் வீடு வீடுதான். அந்த நெருக்கடியைக் கொடுத்த வாக்காளருக்கும் இந்த நன்றியில் பங்கு உண்டு.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் முதல் தலைவர் லிம் கிம் சான். அவர் அப்போது அரசியல்வாதியே இல்லை, வியாபாரி. ஜவ்வரிசி தயாரிக்கும் இயந்திரம் செய்து பணம் சம்பாதித்தவர். சம்பளம் வாங்காமல் அந்தப் பொறுப்பில் உட்கார்ந்தார், பிறகு 1963-ல் தேர்தலில் நின்று தேசிய வளர்ச்சி அமைச்சர் ஆனார். உங்கள் விருந்தில் அவரை எந்தப் பக்கம் சேர்த்திருப்பார்கள்?

இப்போது நிலத்துக்கு வருகிறேன். 1966-ல் நிலக் கையகப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. பொது நோக்கத்துக்கு என்று அரசாங்கம் அறிவித்துவிட்டால் நிலத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். இழப்பீட்டுத் தொகையை எதிர்த்து முறையிடலாம், எடுப்பதையே எதிர்ப்பது ஏறக்குறைய முடியாத காரியம். விலையிலும் ஒரு கட்டு போட்டார்கள். 1973 நவம்பர் 30-ஆம் தேதி என்ன மதிப்போ அது, அல்லது எடுக்கிற நாளின் மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். அந்தத் தேதி நெடுங்காலம் மாறவே இல்லை, 80களின் பிற்பகுதியில்தான் முதல்முறை முன்னால் நகர்ந்தது. முழுச் சந்தை விலை கொடுப்பது என்று ஆனது 2007-ல்தான். அப்படியென்றால் 1985-ல் நிலத்தைக் கொடுத்தவருக்கு 12 ஆண்டு பழைய விலை. இன்று இந்தத் தீவின் நிலத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு அரசாங்கத்திடம் இருக்கிறது.

எந்தத் தனியார் நிறுவனத்தாலும் இதைச் செய்திருக்க முடியாது, செய்ய விடவும் கூடாது. சட்டத்தைக் கையில் வைத்திருந்தவர்களால்தான் முடிந்தது. அதனால்தான் பெருமையில் பெரும்பங்கு அவர்களுக்கு என்கிறேன். அதே காரணத்தால்தான் பெரியவரின் வார்த்தையோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. யாரும் தன் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து சோறு போடவில்லை. அந்த அரிசி சோங் பாங்கிலும் பொத்தோங் பாசீரிலும் பொங்கோலிலும் மனையையும் கொல்லையையும் விட்டுக்கொடுத்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுடையது. நீங்கள் இப்போது குடியிருக்கும் பொங்கோலில் ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் இருந்தன. அவர்களும் ஒரு நாள் கதவுக்குப் பக்கத்தில் எழுதப்பட்ட எண்ணைப் பார்த்திருப்பார்கள். நிலத்தை எடுத்தது தவறென்று நான் சொல்லவில்லை. எடுக்காமல் இருந்தால் அக்காவுக்கு அந்தக் கழிவறை கிடைத்திருக்காது. ஆனால் நன்றி சொல்லும்போது கொடுத்தவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை நான் பல மேடைகளில் கேட்க ஆசைப்பட்டிருக்கிறேன், ஒரு மேடையிலும் கேட்டதில்லை.

உங்கள் முகவர் நண்பரிடம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். அவர் விற்கும் கொண்டோ என்னும் தனியார் அடுக்குமாடியின் விளம்பரக் கையேட்டை எடுத்து முதல் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ரயில் நிலையத்துக்கு ஐந்து நிமிட நடை. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப்பள்ளி. பக்கத்திலேயே பூங்கா, உணவங்காடி நிலையம். நீச்சல் குளமும் பளிங்குத் தரையும் அதற்குப் பிறகுதான் வரும். முதல் பக்கத்தில் இருப்பது எல்லாமே பொதுப் பணத்தில் வந்தவை. அந்த ரயிலே சும்மா வந்துவிடவில்லை. பேருந்து மட்டும் போதும், 5 பில்லியன் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) மண்ணுக்கடியில் போடுவானேன் என்று அமைச்சரவைக்குள்ளேயே வாதம் நடந்தது. ரயிலுக்காக விடாமல் வாதாடியவர் அப்போது தொடர்புத் துறை அமைச்சராக இருந்த ஓங் டெங் சியோங். 1982-ல் முடிவானது, 1987 நவம்பரில் இயூ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்து நிலையங்களோடு முதல் ரயில் ஓடியது.

அதற்காகத் தனியார் நிறுவனங்களின் பங்கைக் குறைத்துப் பேச மாட்டேன். 1967-ல் அரசாங்கம் நகர மையத்து மனைகளை 99 ஆண்டுக் குத்தகைக்கு ஏலத்தில் விடத் தொடங்கியது. அந்தக் காலத்தின் நிலைமை உங்களுக்குத் தெரிந்திருக்காது. மலேசியாவிலிருந்து பிரிந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் ராணுவம் 1971-க்குள் போய்விடும் என்ற அறிவிப்பு வந்தது. அப்பாவின் வேலையே செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தை நம்பித்தான் இருந்தது. அந்த மாதம் வீட்டில் யாரும் சிரித்துப் பேசவில்லை என்று அம்மா சொல்வார். அப்படிப்பட்ட வேளையில் இந்த ஊரை நம்பி ஏலம் கேட்டவர்களுக்கு நெஞ்சுரம் இருந்திருக்க வேண்டும். பீப்பள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸும் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸும் அந்தத் திட்டத்தில் வந்தவைதான். கடை, அலுவலகம், வீடு எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் அடுக்கிய துணிச்சல் அவற்றை வடிவமைத்த உள்ளூர்க் கட்டடக் கலைஞர்களுடையது, அமைச்சர் யாரும் வரைந்து கொடுக்கவில்லை. கோல்டன் மைலை 2021-ல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தபோது நான் மனதார மகிழ்ந்தேன்.

லிட்டில் இந்தியா விஷயத்திலும் அப்படித்தான். 1989-ல் அதைப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்தபோது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் நம்மவர், சு. தனபாலன். அந்த முடிவு வராமல் இருந்திருந்தால் சிராங்கூன் சாலையின் அஞ்சடியில், அதாவது கடைவீடுகளுக்கு முன்னாலுள்ள நடைபாதையில், பூக்கட்டி விற்பவர்களை இன்று நாம் பார்த்திருக்க முடியுமா தெரியாது. ஆனால் அறிவிப்பு சுவரைப் பூசித் தராது. கைக்காசைப் போட்டுக் கடைவீடுகளைச் செப்பனிட்டவர்கள் அதன் உரிமையாளர்கள்.

நீங்கள் பொறியாளர் என்பதால் ஒன்றை எழுதாமல் முடிக்க மனமில்லை. 1986 மார்ச் 15, சனிக்கிழமை. என் அத்தை வீடு ஓவன் சாலைக்குப் பக்கத்தில். மதியம் நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது சிராங்கூன் சாலை முழுக்கக் கூட்டம். ஆறு மாடி ஹோட்டல் நியூ வோர்ல்ட் இருந்த இடத்தில் கற்குவியல்தான் கிடந்தது. அத்தை வாசலில் நின்றுகொண்டு, “காலையில கூட அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான்டா காய்கறி வாங்கிட்டு வந்தேன்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். 33 பேர் இறந்தார்கள், 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அது தனியார் கட்டடம். வரைந்தவர்கள் கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. இடிபாட்டுக்குள் சுரங்கம் தோண்டிப் போனவர்களில், பெருவிரைவு ரயில் வேலைக்காக வந்திருந்த வெளிநாட்டுச் சுரங்கப் பணியாளர்களும் உண்டு. அது அவர்களுடைய வேலையே இல்லை, தாங்களாகவே முன்வந்தார்கள்.

அதன் பிறகுதான் 1989-ல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வடிவமைத்தவரின் கணக்கை இன்னொரு பொறியாளர் தனியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கட்டி முடித்த பிறகும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, குடியிருப்பு என்றால் பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு. சட்டம் போட்டவர் அரசியல்வாதி, கட்டுபவர் தனியார். ராத்திரி உட்கார்ந்து அந்தக் கணக்கை வரி வரியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் உங்களைப் போன்ற ஒருவர். நான் ஈசூனில் நிம்மதியாகத் தூங்குவது அந்தக் கையெழுத்தை நம்பித்தான்.

அந்தப் பெரியவரைப் பார்த்தால் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடுத்த விருந்துக்கு என்னையும் கூப்பிட்டால் அம்மாவையும் அழைத்து வருகிறேன். அன்று எந்த மரத்துக்கு எவ்வளவு எழுதினார்கள் என்பது அவருக்கு இன்னமும் வெள்ளிக் கணக்காக நினைவிருக்கிறது. முருங்கைக்கு எவ்வளவு என்பதும்.

அன்புடன்