ஆளுக்கு ரெண்டா, மொத்தமே ரெண்டா?

கேள்வி: பி.ஏ. தமிழ் முடித்துவிட்டுச் சிதம்பரத்தில் எம்.ஏ. மொழியியல் முதலாண்டு படிக்கிறேன். தர்க்கவியல் தாளில் 'எல்லா', 'சில' என்று வரும் வாக்கியங்களைக் குறியீட்டில் எழுதச் சொன்னாலே கை நின்றுவிடுகிறது. இரண்டு தேர்விலும் தோல்வி. அம்மா டிபன் கடை நடத்திப் படிக்கவைக்கிறார். என்ன பாடம் என்று போனில் கேட்டார்; 'சொன்னா உனக்குப் புரியாது' என்று வைத்துவிட்டேன். பேசாமல் பி.எட். சேர்ந்துவிடலாமா?

பதில்: தம்பி, பி.எட். எங்கும் ஓடிவிடாது. போகிற போக்கில் எழுதினீர்களே, 'உனக்குப் புரியாது' என்று, முதலில் அதற்கு வருவோம். எனக்கு வரும் கடிதங்களில் பாடம்தான் மாறுகிறது, இந்த வரி மாறுவதில்லை.

யாருக்குப் புரியாது? கடையில் மூன்று பேர் வந்து உட்கார்ந்து "மூணு பேருக்கும் ரெண்டு தோசை" என்கிறார்கள். மாவை ஊற்றும் முன் உங்கள் அம்மா "ஆளுக்கு ரெண்டா, மொத்தமே ரெண்டா?" என்று கேட்பாரா மாட்டாரா? ஒரு அர்த்தத்தில் ஆறு தோசை, இன்னொன்றில் இரண்டு. இந்த மாதிரி வாக்கியத்தில் எது எதற்குள் அடங்குகிறது என்று குழப்பமில்லாமல் எழுத வழிசெய்யும் குறியீட்டு முறையை ஜெர்மன் தர்க்கவியலாளர் ஃபிரேகே 1879-இலேயே வெளியிட்டுவிட்டார். நீங்கள் கோட்டைவிட்டதும் அங்கேதான். அதே ஆள் "ரெண்டு ரெண்டு தோசை" என்றால் அம்மா திருப்பிக் கேட்கமாட்டார். ஏன் என்று யோசித்தீர்களா? நல்ல ஆய்வுக் கட்டுரைக்கு அது போதும்.

மக்கள் பேசும் வழக்கையும் செய்யுளையும் பார்த்துத்தான் தொல்காப்பியர் நூல் செய்தார் என்கிறது அதன் பாயிரம். பி.ஏ. தமிழ் படித்தவருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது! அந்த வழக்கு அம்மாவின் வாயில் இருக்கிறது. ஹாஸ்டல் அறையில் இல்லை.

விடியுமுன் அடுப்பு மூட்டுகிறவரிடம் படிப்பைச் சொல்ல முடியாத பிள்ளைக்கு எந்தப் படிப்பும் ஒட்டாது. பழைய காலத்துப் பேச்சு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். அவர் காசில் படிக்கிறீர்கள். கணக்குக் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

இன்று கடை மூடியதும் கூப்பிடுங்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்புறம் 'எல்லாரும் வரலை' என்றால் ஒருத்தருமே வரவில்லையா, சில பேர் வரவில்லையா என்று கேளுங்கள். அவர் சொல்வதை நோட்டில் எழுதி, இரண்டு அர்த்தத்தையும் தனித்தனியாகக் குறியீட்டில் போட்டு ஆசிரியரிடம் காட்டுங்கள். அதற்கும் கை நின்றால் பி.எட். பற்றி எழுதுங்கள்.