நூறாண்டு வீடும் மில்ஸ் ஒப்பந்தமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கலிஃபோர்னியாவின் பாசடினா நகரில், 1912இல் கட்டப்பட்ட மரவீடு ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினோம். கூரையும் சன்னல்களும் பழுதாகிக் கிடக்க, சொத்து வரியே கையைக் கடிக்கிறது. வரலாற்றுச் சிறப்புள்ள வீட்டைப் பேணிக் காப்பதாக, மில்ஸ் சட்டத்தின்படி நகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டால் வரி பாதியாகும் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா? பின்னாளில் வீட்டை விற்க இது தடையாகுமா?
– ஒரு வாசகி

பதில்: அண்மையில் வாங்கியவர் என்பதால், தாராளமாக விண்ணப்பிக்கலாம் என்பதே என் கருத்து. இதே வீட்டை நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கியிருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். காரணம், 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆவது முன்மொழிவின்படி, அங்கே வரிக்கான மதிப்பு வாங்கிய விலையிலிருந்து தொடங்கி, ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. பழைய உரிமையாளரின் வரி ஏற்கெனவே குறைவாக இருக்கும். புதிதாக வாங்கியவரோ இன்றைய சந்தை விலைக்கே வரி கட்டுகிறார்.

மாநில செனட்டர் ஜேம்ஸ் மில்ஸ் முன்னின்று கொண்டுவந்ததால் அவர் பெயராலேயே அழைக்கப்படும் 1972ஆம் ஆண்டின் இச்சட்டம், வீடு விலைக்கு என்ன பெறும் என்பதை விட்டுவிட்டு, வாடகைக்கு விட்டால் என்ன வருமானம் தரும் என்பதைக் கொண்டு மதிப்பிடச் சொல்கிறது. செலவு போக ஆண்டு வாடகை 48,000 டாலர் என்றும், வட்டி, இடர், வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கூட்டிய விகிதம் 12 விழுக்காடு என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், வாடகையை அந்த விகிதத்தால் வகுக்க, மதிப்பு 4 லட்சம் டாலராகிறது. 10 லட்சம் டாலருக்கு வாங்கிய வீட்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடாகிய 10,000 டாலர் வரி கட்டி வந்தவர், இனி 4,000 டாலர் கட்டினால் போதும். விகிதம் ஆண்டுதோறும் மாறும் என்பதால், சேமிப்பும் கூடும், குறையும்.

அந்தச் சேமிப்பு வீட்டுக்கே திரும்பச் செல்ல வேண்டும். உங்கள் வீடு தேசிய, மாநில அல்லது உள்ளூர் வரலாற்றுப் பதிவேட்டில் தனித்தோ, பதிவுபெற்ற பாரம்பரியப் பகுதியின் அங்கமாகவோ இடம்பெற்றிருக்க வேண்டும்; செய்யவிருக்கும் பழுதுபார்ப்புகளை ஆண்டுவாரியாகத் திட்டமிட்டுத் தருமாறும் நகராட்சிகள் பொதுவாகக் கேட்கின்றன. உங்கள் காலத்து மரவீடுகளில், கூரை விளிம்புக்கு வெளியே நீண்டு நிற்கும் கைமரங்களின் நுனிகள்தாம் மழைநீர் இறங்கி முதலில் உளுத்துப்போகும் என்பதால், திட்டத்தில் அவற்றை முதலில் சேருங்கள். அடுத்தவை சன்னல்கள். மேலும் கீழும் நகர்த்தித் திறக்கும் தூக்குச் சன்னலின் கயிறு அறுந்துபோனால் அல்லது அடிச்சட்டத்தின் ஒரு மூலை மக்கிப்போனால், புதுக் கயிறு கோத்து, மக்கிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்து அதே வகை மரத்தால் ஒட்டுப்போட்டுவிடலாம். முழுவதையும் கழற்றிவிட்டு வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன சன்னல் மாட்டச் சொல்லும் ஒப்பந்தக்காரரின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அது ஒப்பந்த விதிகளுக்கும் முரணாகும், வீட்டின் முகத்தையும் கெடுத்துவிடும்.

விற்பனைக்குத் தடையில்லை. ஒப்பந்தம் பத்திரப் பதிவாகி நிலத்தோடு ஒட்டியே செல்வதால், வாங்குபவர் அதன் சலுகையையும் கடமையையும் சேர்த்தே ஏற்கிறார். குறைந்தது 10 ஆண்டுக் காலத்துக்கான அது, ஆண்டுதோறும் தானாகவே ஓராண்டு நீள்கிறது. விலக விரும்பினால் புதுப்பிக்க வேண்டாமென அறிவிப்புத் தந்துவிட்டு, எஞ்சிய ஆண்டுகளைக் கழிக்க வேண்டும். அதற்குள் வரி படிப்படியாகப் பழைய நிலைக்கு ஏறும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நகராட்சியினர் வீட்டின் உள்ளேயும் வெளியேயும் வந்து பார்ப்பார்கள். கடமையை மீறியதாக ஒப்பந்தத்தை அவர்கள் நீக்கிவிட்டால், அன்றைய சந்தை மதிப்பில் 12.5 விழுக்காடு அபராதமாகும். உங்கள் வீட்டுக்கு அது லட்சம் டாலரைத் தாண்டக்கூடும். ஆகவே முடிக்கக்கூடிய வேலைகளை மட்டுமே திட்டத்தில் எழுதிக்கொடுங்கள்.

இச்சட்டத்தைப் பின்பற்றுவது அந்தந்த நகரத்தின் விருப்பம்; பின்பற்றும் நகரங்களிலும் சில, ஆண்டுதோறும் ஏற்கும் விண்ணப்பங்களுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் ஒப்பந்தம் பதிவானால்தான் அடுத்த நிதியாண்டு வரியில் குறைப்பு கிடைக்கும் என்பதால், நகராட்சியின் திட்டமிடல் துறையில் விண்ணப்பக் கெடுவை இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.