பஸ்ஸிலேயே குமட்டுகிறவர் பரிசல் ஏறலாமா?

மீன் பிடிக்க ஆசை, தண்ணீரில் ஆடினால் வாந்தி. இந்த ஒரே தொல்லையைப் பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

பாப்பாரப்பட்டி வாசகர்: என் மனைவிக்கும் ஒன்பது வயது மகனுக்கும் பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வரும். ஒருநாள் தூண்டில் போடக் கூட்டிப்போ என்று பையன் நச்சரிக்கிறான். ஒகேனக்கல், நாகமரை, கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை, மூன்றில் எங்கே போகலாம்?

கே.ஆர்.பி. அணைக்குப் போங்கள். தண்ணீரை மட்டும் பார்த்துச் சொல்லவில்லை, பாதையையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல்லுக்கு இறங்கும் மலைப்பாதை வளைவுகளிலேயே உங்கள் வீட்டு இருவருக்கும் பாதி உயிர் போய்விடும். குமட்டல் ஒருமுறை தொடங்கிவிட்டால் வண்டியை விட்டு இறங்கியதும் அடங்காது, மணிக்கணக்கில் இழுக்கும். அந்த நிலையில் ஏறினால் அசையாத பரிசலும் ஆடுவது போலத்தான் இருக்கும். கிருஷ்ணகிரிக்கு நெடுஞ்சாலை நேராகப் போகிறது, அங்கிருந்து அணை பக்கம்.

ஒகேனக்கல்லை மறுக்க வேறு காரணங்களும் உண்டு. அங்கே ஓடும் பரிசல்கள் அருவி பார்க்க வருகிறவர்களுக்கானவை, தூண்டில் போட நிறுத்தி வைப்பதற்கானவை அல்ல. நீர்வரத்து கூடினால் பரிசலுக்கே தடை போட்டுவிடுவார்கள். காவிரியில் முதலைகளும் உண்டு, பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிடும் வேலை வேண்டாம். மேலே காட்டுப் பகுதி காவிரி வடக்கு வன உயிரின சரணாலயத்துக்குள் வருகிறது. அங்கே தூண்டில் போடுவது குற்றம்.

நாகமரை, ஒட்டனூர் பக்கம் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு அழகுதான். ஆனால் அது திறந்தவெளி. காற்று எவ்வளவு தூரம் தடையில்லாமல் தண்ணீர் மேல் ஓடி வருகிறதோ அவ்வளவுக்கு அலை பெரிதாகும். 120 அடி முழு நீர்மட்டத்தை ஒட்டி நிரம்பியிருக்கும்போது, அதுவும் ஆடிக்காற்றில், அதை ஏரி என்று நினைத்து இறங்கக்கூடாது. நீர் வற்றிய மாதங்களில் தொல்லை வேறு மாதிரி: தண்ணீர் பின்வாங்கிய இடம் மேலே காய்ந்தும் அடியில் சேறாகவும் இருக்கும், கால் முழங்கால் வரை இறங்கிவிடும். பரிசல்துறை இருக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

கே.ஆர்.பி. அணையிலும் முதல் தடவை படகு வேண்டாம், கரையிலேயே உட்காருங்கள். எந்த அணையானாலும் ஏரியானாலும் மீன்பாசி உரிமை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, யாரிடமாவது குத்தகையில் இருக்கும், அல்லது மீன்வளத்துறையிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ இருக்கும். தூண்டில் எடுத்துப் போவதற்கு முன்பே கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள். அணைச் சுவர், மதகுப் பக்கம் போகவே கூடாது. விடியற்காலை ஆறு மணிக்குத் தூண்டில் தண்ணீரில் இருக்க வேண்டும், ஒன்பது, ஒன்பதரைக்கு மூட்டை கட்டிவிடலாம். அதற்கு மேல் காற்றும் வெயிலும் கூடும், மீனும் இரையைத் தொடாது. அணையோரக் கடைகளில் பொரித்த மீன் வாசனை இழுக்கும், அதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வண்டி ஏறுவதற்கு ஒரு மணி நேரமாவது முன்பு சாப்பிட்டுவிட வேண்டும்.

பஸ்ஸில் முன்பக்கம், ஓட்டுநர் பார்க்கிற சாலையைத் தானும் பார்க்கிற இடமாகப் பிடியுங்கள். பையன் கையில் செல்போன் கொடுக்காதீர்கள். உடல் ஆடுகிறது என்று உள்காது சொல்லும், ஆடவில்லை என்று திரையில் நிலைத்த கண் சொல்லும். இந்த முரண்தான் குமட்டலாக மாறுகிறது. இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயது வரை இது அதிகம், வளர வளரப் பெரும்பாலும் குறைந்துவிடும்.

பாலக்கோடு வாசகர்: ஏரிக்கரையில் உட்கார்ந்துதான் தூண்டில் போடுகிறேன், படகில் ஏறுவதே இல்லை. ஆனாலும் அரைமணி நேரம் தக்கையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஏன்?

ஆடுகிற தக்கையையும் மினுங்குகிற அலையையும் விடாமல் பார்த்தால், உடம்பு அசையாமல் இருந்தாலும் கண் மட்டும் அசைவைச் சொல்லும். மேலே சொன்ன முரண்தான், தலைகீழாக. வழி எளிது, தக்கையை விட்டுவிட்டு அடித்தூண்டிலுக்கு மாறுங்கள்.

0.30 மில்லிமீட்டர் நைலான் நரம்பு. நுனியில் ஈயக்குண்டு, நின்ற நீருக்கு 15 முதல் 20 கிராம் போதும். ஈயத்துக்கு ஒரு முழத்துக்கு மேலே பக்கவாட்டில் ஒரு சாண் நீளக் கிளை நரம்பு, அதில் 6 அல்லது 8 எண் முள். வீசி, ஈயம் தரையைத் தொட்டதும் நரம்பைத் தளர்வில்லாமல் இழுத்து, கோலைக் கவட்டுக் குச்சியில் சாய்த்து, கோல் நுனியில் சின்ன மணி ஒன்றைக் கவ்வ விடுங்கள். மீன் இழுத்தால் காது சொல்லும். கண் அக்கரை மலையையோ பனைமரத்தையோ பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பெரும்பாலும் தவறுவது இரண்டு இடங்களில். ஈயம் லேசாக இருந்தால் காற்று நரம்பை வளைத்து இழுக்கும், மணி சும்மாவே அடிக்கும், மீன் என்று ஓடி ஓடி அலுத்துப்போவீர்கள். நரம்பு தளர்ந்திருந்தால் மீன் இரையைச் சப்பிவிட்டுத் துப்பிய பிறகும் மணி அடிக்காது.

இரைக்குக் கேழ்வரகு மாவு இரண்டு பங்கு, கடலைப் புண்ணாக்குத் தூள் ஒரு பங்கு, பிடிப்புக்கு ஒரு கை மைதா. கொதிநீர் தெளித்துக் களியைவிடக் கெட்டியாகப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டுங்கள். பிசைவது இளகினால் வீசும்போதே உருண்டை பறந்துவிடும். அடித்தூண்டிலுக்கு மிருகால் நன்றாக வரும், அது தரையில் மேய்கிற மீன். ரோகு நடுநீரில் மேயும், கட்லா மேல்மட்டத்து மீன், ஆகவே கட்லாவுக்கு இந்த முறையில் ஆசைப்படாதீர்கள். ஜிலேபிக்கு மண்புழு போதும், முள்ளைச் சிறிதாக்கி 10 எண் போடுங்கள்.

பென்னாகரம் வாசகி: பரிசல் சுற்றும்போது மட்டும் வயிறு புரட்டுகிறது, நேராகப் போனால் ஒன்றும் இல்லை. படகைவிடப் பரிசல் மோசமா?

வட்டமாக இருப்பதால் பரிசலுக்கு முன் பின் கிடையாது, துடுப்பு ஒருபக்கம் ஓங்கினாலே திரும்பும். சுற்றுலா வந்தவர்களை மகிழ்விக்க ஓட்டுநர்கள் வேண்டுமென்றே சுழற்றுவதும் உண்டு. ஏறும்போதே "அண்ணா, சுத்த வேண்டாம், எனக்குத் தலை சுத்தும்" என்று சொல்லிவிடுங்கள், கேட்பார்கள். நடுவில் கூடிக்கொள்ளாமல் விளிம்பைச் சுற்றிச் சமமாகப் பிரிந்து, தரையோடு தாழ உட்காருங்கள். எழுந்து நிற்கவே கூடாது. அசையாத நீரில் பரிசல் நல்ல வாகனம்தான், தட்டையான அடி என்பதால் பக்கவாட்டில் அவ்வளவாக உருளாது. சுழற்சிதான் உங்கள் எதிரி.

ஓசூர் வாசகர்: அலுவலக நண்பர்கள் ஆறு பேர் புதுச்சேரி போய்க் கடலில் மீன் பிடிக்கத் திட்டம். ஒருவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. எந்த மாதம் போகலாம்? அவரையும் கூட்டிப்போகலாமா?

பிப்ரவரி, மார்ச். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும், நினைக்கவே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்.

தேதியை உறுதி செய்யுமுன் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தரும் அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். அலை உயரம் ஒரு மீட்டருக்கு மேல் காட்டினால் அந்த நண்பரை ஏற்றாதீர்கள். அரை மீட்டர் என்றால் நல்ல நாள். உயரத்தைவிட ஆட்டத்தின் வேகம் முக்கியம்: ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒருமுறை மேலும் கீழும் போய்வரும் ஆட்டமே மனிதரை அதிகம் குமட்ட வைக்கிறது. விடியலில் கிளம்புங்கள், கடற்காற்று எழுவதற்குள் கரை திரும்பிவிடலாம்.

இதில் எங்கள் கருத்து ஒன்று. முதல் தடவையே நடுக்கடல் எதற்கு? நோணாங்குப்பம் சுண்ணாம்பாறு படகுத்துறையில் முந்தின நாள் ஒரு மணி நேரம் அவரை உலவ விடுங்கள். அந்த அமைதியான உப்பங்கழியிலேயே அவர் வெளுத்துப்போனால், மறுநாள் அவர் கரையில் நின்று தூண்டில் போடட்டும். நட்புக்காக ஏறி மூன்று மணி நேரம் தொட்டியைக் கட்டிப்பிடித்துக் கிடப்பதில் யாருக்கும் லாபமில்லை.

அவர் ஏறியே தீருவார் என்றால், மூக்குப் பகுதியில் உட்காரக்கூடாது, அங்கேதான் தூக்கித் தூக்கிப் போடும். நடுவிலிருந்து சற்றுப் பின்னால், தாழ உட்கார்ந்து, முன்னோக்கித் தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். இயந்திரப் புகை வரும் பக்கமும் இரைக்கூடைப் பக்கமும் ஆகாது. கூரை போட்ட அறைக்குள் படுப்பது ஆறுதல் போலத் தோன்றும், தொடுவானம் மறைந்துவிடுவதால் நிலைமை மோசமாகும். படகை நிறுத்தும்போது நங்கூரத்தை முன்பக்கத்திலிருந்து இறக்கச் சொல்லுங்கள், படகு அலையை எதிர்நோக்கி நிற்கும். சும்மா மிதக்க விட்டால் குறுக்காகத் திரும்பி உருளத் தொடங்கும், ஓடும்போது நன்றாக இருந்தவரும் அப்போதுதான் கவிழ்ந்து வாந்தி எடுப்பார்.

பலரும் யோசிக்காத ஒன்று: முள் கட்டுவது. குனிந்து கைக்கு அருகே கண்ணைப் பதித்து முடிச்சுப் போடுவதைப் போலக் குமட்டலை வரவழைப்பது வேறில்லை. அவருக்கு ஆறு கிளை நரம்பில் முள் கட்டி, அட்டையில் சுற்றிக் கரையிலேயே தயாராக வைத்துவிடுங்கள். அறுந்தால் மாட்டிக்கொண்டால் போதும். இரை கோக்கும் வேலையும் வேறொருவர் செய்யட்டும்.

ஓசூர் பக்கத்திலேயே கெலவரப்பள்ளி அணை இருக்கிறதே என்று கேட்பீர்கள். தென்பெண்ணையில் நுரை பொங்கும் நாட்களில் அந்த வாடைக்குக் கடல் தேவலை.

கிருஷ்ணகிரி வாசகர்: மருந்துக்கடையில் வாந்திக்கு மாத்திரை கேட்டால் ஒவ்வொரு கடையிலும் ஒன்று தருகிறார்கள். எது சரி? எப்போது போட வேண்டும்?

கடைகளில் முதலில் கைக்கு வருவது ஒன்டான்செட்ரான். அது வேறு வகை வாந்திகளுக்கு நல்ல மருந்து, பயண ஆட்டத்தால் வரும் குமட்டலைத் தடுக்க அது உதவுவதில்லை. இதற்கென்று உள்ளவை ப்ரோமெதசின் தியோக்ளேட், சின்னாரிசின், டைமென்ஹைட்ரினேட் போன்றவை. பெரியவர்களுக்கு ப்ரோமெதசின் தியோக்ளேட் 25 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, புறப்படுவதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பு. குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கினால் மாத்திரையும் வெளியே வந்துவிடும், பலனில்லை என்று மருந்தைத் திட்டுவது அப்போதுதான்.

எல்லாமே தூக்கம் வரவழைக்கும். ஒரு விடுமுறை நாளில் வீட்டில் போட்டுப் பாருங்கள், எவ்வளவு அசத்துகிறது என்று தெரியும். போட்ட பிறகு வண்டி ஓட்டக்கூடாது, மது கூடவே கூடாது. தண்ணீர் மேல் தூங்கி வழிகிறவர் விழுந்தால் கை கால் அசைக்கவும் தாமதமாகும், உயிர்காப்பு மேலங்கியைக் கழற்றவே விடாதீர்கள். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ப்ரோமெதசின் கொடுக்கவே கூடாது, அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மருத்துவர் சொல்லும் அளவுதான்.

அரூர் வாசகி: எலுமிச்சம்பழம் முகர்வது, இஞ்சி மெல்வது, வெறும் வயிற்றோடு போவது. இதில் எது பலன் தரும்?

இஞ்சி சிலருக்கு உதவுகிறது, மாத்திரை அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். எலுமிச்சை மீன்வாடையை மறைக்கும், அந்த மட்டில் நல்லது. வெறும் வயிறு தவறு. இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, எண்ணெயும் காரமும் இல்லாமல். பூரி, பரோட்டா கூடாது.

ஊத்தங்கரை வாசகர்: ஆடியில்தான் விடுமுறை கிடைக்கிறது. காற்றில்லாத தண்ணீர் எங்கே தேடுவது?

பெரிய அணையை விட்டுவிட்டு, மேற்கே குன்றோ அடர்ந்த தோப்போ உள்ள சின்ன ஏரியைத் தேடுங்கள். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருவதால் மேற்குக் கரையை ஒட்டிய தண்ணீர் அசையாமல் கிடக்கும். பரிசலில் போகிறவர் அங்கேயே ஒட்டி நிற்க வேண்டும். ஆனால் காற்று இரையையும் பாசியையும் கிழக்குக் கரைக்குத் தள்ளும், மீனும் அங்கேதான் கூடும். ஆகவே குமட்டல்காரர் கிழக்குக் கரையில் தரையில் உட்கார்ந்தால், பரிசலில் இருப்பவரைவிட அதிகம் பிடிப்பார்.

தருமபுரி வாசகர்: கரைக்கு வந்த பிறகும் கட்டில் ஆடுவது போலிருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

படகில் வெகுநேரம் இருந்தவர்களுக்கு அன்று இரவு, மறுநாள் வரை அப்படி இருப்பது உண்டு, நடமாடினால் தானே போகும். ஓரிரு நாளில் போகாவிட்டாலும், படுக்கையில் புரளும்போது அறையே சுழன்றாலும், காது இரைச்சலோ காது மந்தமோ சேர்ந்தாலும் அது பயணக் குமட்டல் அல்ல. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.